ஒப்புதல் உண்டு, தீர்ப்பு இல்லை: டெக்சஸின் ‘டிஃபர்டு’ யாருக்குக் கிடைக்கும், யாரைக் காப்பாற்றும்?

டெக்சஸ் குற்றவியல் நீதிமன்றங்களில் அன்றாடம் நடக்கும் ஒரு காட்சி, முதல்முறை பார்ப்பவருக்கு விநோதமாகத்தான் இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் நீதிபதியின் முன்னால் நின்று, செய்தது உண்மை என்று ஒப்புக்கொள்கிறார். யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ இப்படிச் சொல்ல வைத்தார்களா என்று நீதிபதி கேட்கிறார். இல்லை என்கிறார் அவர். சாட்சியங்கள் குற்றத்தை நிறுவப் போதுமானவை என்று நீதிபதி பதிவு செய்கிறார். அடுத்து வரவேண்டியது ‘நீர் குற்றவாளி’ என்ற வாக்கியம். அது வருவதில்லை. அதைத் தள்ளிவைத்துவிட்டு, இத்தனை ஆண்டுகள் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.

இந்த ஏற்பாட்டின் பெயர் ‘டிஃபர்டு அட்ஜுடிகேஷன்’. குற்றத்தீர்ப்பு ஒத்திவைப்பு என்று தமிழில் சொல்லலாம். டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் வட்டாரங்களில் வக்கீலும் கட்சிக்காரரும் வெறும் ‘டிஃபர்டு’ என்றே சொல்கிறார்கள். 1975 முதல் டெக்சஸ் சட்டத்தில் இது இருந்துவருகிறது. இப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 42ஏ அத்தியாயத்தில் இருக்கிறது. பெருங்குற்றங்களுக்கு அதிகபட்சம் 10 ஆண்டு, சிறுகுற்றங்களுக்கு அதிகபட்சம் 2 ஆண்டு கண்காணிப்பு. நிபந்தனைகளை மீறாமல் காலத்தைக் கடந்துவிட்டால் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்கிறார். அதைக் குற்றத்தீர்ப்பாகக் கருதக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

நம் ஊர்ச் சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ளப் பார்ப்பவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்தியாவின் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தில் நீதிமன்றம் முதலில் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானித்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் சிறைக்கு அனுப்பாமல் விடுவதைப் பற்றி யோசிக்கிறது. 2006-இல் இந்தியாவுக்கு வந்த குற்ற ஒப்புதல் பேரமும் தீர்ப்பிலும் தண்டனையிலும்தான் முடியும். டெக்சஸில் ஒத்திவைக்கப்படுவது தண்டனை மட்டுமல்ல, தீர்ப்பே ஒத்திவைக்கப்படுகிறது. ஒப்புதல் மட்டும் காகிதத்தில் அப்படியே இருக்கிறது. பின்னால் வரும் சங்கடங்கள் எல்லாம் அந்தக் காகிதத்திலிருந்து வருபவைதாம்.

வாசலில் யார் நிற்கிறார்கள்

‘எனக்கு டிஃபர்டு கிடைக்குமா?’ என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் அது முதல்முறை தவறியவர்களுக்கான சலுகை என்றே நினைக்கிறார்கள். சட்டத்தில் அப்படிப் பொதுவான நிபந்தனை எதுவும் இல்லை. முன்பு சிறை சென்றவருக்கும் டிஃபர்டு கொடுக்கலாம். ஒருமுறை டிஃபர்டு பெற்றவருக்கு இன்னொரு வழக்கில் மறுபடியும் கொடுக்கலாம். பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழுவான ஜூரி, தீர்ப்புக்குப் பிறகு சிறைக்குப் பதிலாகப் பரிந்துரைக்கும் வழக்கமான நன்னடத்தைக் கண்காணிப்புக்குத்தான், முன்பு பெருங்குற்றத் தீர்ப்பு எதுவும் இருந்திருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. தீர்ப்பையே தள்ளிவைக்கும் பெரிய சலுகைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஆகவே டெக்சஸில் தகுதி என்பது பெரும்பாலும் ஆளைப் பார்த்து அளக்கப்படுவதில்லை. என்ன குற்றம் என்பதைப் பார்த்தே அளக்கப்படுகிறது. விலக்கப்பட்ட குற்றங்களின் பட்டியல் 42ஏ.102 பிரிவில் இருக்கிறது. ஆள் கடத்தல் வணிகம் அதில் இருக்கிறது. சிறு குழந்தையைத் தொடர்ந்து பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்குவது இருக்கிறது. கொலையும் இருக்கிறது, ஆனால் சாவுக்குக் காரணமானவர் தானல்ல, கொல்லும் எண்ணம் இல்லை, உயிர் போகும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற வகையில் நீதிபதி தீர்மானித்தால் அந்தக் கதவு கொஞ்சம் திறக்கும். கூட்டாளி சுட்டான், இவர் காரில் உட்கார்ந்திருந்தார் என்பது போன்ற வழக்குகளுக்கான இடைவெளி அது. மற்றப் பாலியல் குற்றங்களில், டிஃபர்டு கொடுப்பது பாதிக்கப்பட்டவரின் நலனுக்கு உகந்தது என்று நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டும். அதே வகைக் குற்றத்துக்கு முன்பு கண்காணிப்பில் இருந்தவருக்கு அதுவும் கிடையாது. பள்ளி முதலான போதைப்பொருள் தடை வளாகங்களில் குற்றம் செய்து ஏற்கெனவே ஒருமுறை கூடுதல் தண்டனை பெற்றவருக்கும் இடமில்லை. இவை போக, குடித்துவிட்டு வண்டி ஓட்டும் குற்றங்களுக்குத் தனி வரிசை உண்டு.

இந்தப் பட்டியலை ஒரே மூச்சில் படித்தால், இது ஒரு கொள்கையிலிருந்து பிறந்ததல்ல என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு சட்டமன்றக் கூட்டத்தொடரிலும் எது மக்களைக் கொதிக்க வைத்ததோ அதற்கு ஒரு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்தவருக்கு டிஃபர்டு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அது 5 ஆண்டு முதல் 99 ஆண்டு வரை அல்லது ஆயுள் என்று தண்டனை போகும் முதல்நிலைப் பெருங்குற்றம். அந்தக் குற்றத்துக்கு வழக்கமான நன்னடத்தைக் கண்காணிப்பை நீதிபதி கொடுக்க முடியாது. அதைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய சலுகையான டிஃபர்டைக் கொடுக்கலாம். அதே மாநிலத்தில், இரண்டு பீர் கூடக் குடித்துவிட்டுக் காரை எடுத்த ஒருவருக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக டிஃபர்டு கிடையாது என்றிருந்தது.

0.15

போதையில் வாகனம் ஓட்டும் வழக்குகளின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஒரு தகுதி வரம்பு நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

1980-களில் அமெரிக்கா முழுவதும் குடிபோதை ஓட்டுநர்களுக்கு எதிராக எழுந்த அலையில் டெக்சஸ் இந்தக் கதவை மூடியது. மூடினால் எல்லோரும் தீர்ப்பையும் தண்டனையையும் ஏற்பார்கள் என்பது எண்ணம். நடந்தது வேறு. கதவு பூட்டியிருந்தால் ஜன்னல் தேடுவது மனித இயல்பு. வக்கீல்களுக்கு அது தொழிலும்கூட. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கை ‘நெடுஞ்சாலையில் இடையூறு செய்தது’ என்ற வேறொரு சிறுகுற்றமாக மாற்றி, அந்தக் குற்றத்துக்கு டிஃபர்டு வாங்கிக்கொடுக்கும் பழக்கம் பல கவுண்டிகளில், அதாவது அங்குள்ள மாவட்டங்களில், வேரூன்றியது. நெடுஞ்சாலையில் இடையூறு என்றால் நடுரோட்டில் கட்டில் போட்டுப் படுத்ததைப் போல இருக்கிறது! ஆனால் அந்தப் பெயரில் ஒப்புக்கொண்டவரின் பதிவில் மது என்ற சொல்லே இராது. மறுமுறை பிடிபட்டால் அவர் முதல்முறை குற்றவாளியாகவே மீண்டும் வந்து நிற்பார். கண்டிப்புக்காகப் போட்ட தடை, மதுவின் தடயமே இல்லாத ஒரு குறுக்கு வழியைத் திறந்துவிட்டது.

2019-இல் சட்டமன்றம் இதைத் திருத்தியது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல், முதல்முறை குடித்துவிட்டு ஓட்டியதற்கும் படகு செலுத்தியதற்கும் டிஃபர்டு கிடைக்கும். கொடுத்த கையோடு மூன்று முடிச்சுகளும் போட்டார்கள். காரில், ஊதிக் காட்டினால்தான் எஞ்சின் கிளம்பும் கருவியைப் பொதுவாகப் பொருத்தியாக வேண்டும். டிஃபர்டு வெற்றிகரமாக முடிந்திருந்தாலும், பிறகு மறுபடி பிடிபட்டால் அது முதல் குற்றத்தீர்ப்பாகவே எண்ணப்படும். மூன்றாவது முடிச்சு, எல்லோருக்கும் கிடைக்காது என்பது. மறுமுறை சிக்கியவர்களுக்கு இல்லை. குழந்தையைக் காரில் வைத்துக்கொண்டு ஓட்டியவருக்கு இல்லை. வணிக வாகன உரிமம் வைத்திருப்பவருக்கு இல்லை. உடலில் மதுவின் அளவு 0.15 (100 மில்லி இரத்தத்தில் 0.15 கிராம்) அல்லது அதற்கு மேல் இருந்தவருக்கு இல்லை.

வணிக உரிமக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தோன்றலாம். லாரி, பஸ் ஓட்டுநர்களின் போக்குவரத்துக் குற்றங்களை மாநிலங்கள் மறைத்துவைக்கவோ தீர்ப்பைத் தள்ளிப்போடவோ கூடாது என்று மத்திய அரசின் போக்குவரத்து விதி ஒன்று இருக்கிறது. டெக்சஸின் விலக்கு அந்த விதியோடு ஒத்துப்போகிறது. விளைவு கடுமையானது. லாரி ஓட்டுநர் ஒருவர் விடுமுறை நாளில், சொந்தக் காரில், 0.09 அளவில் பிடிபட்டால் அவருக்கு டிஃபர்டு இல்லை. அதே மேசையில் உட்கார்ந்து 0.14 வரை குடித்த மென்பொருள் பொறியாளருக்கு உண்டு. வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்குத்தான் தீர்ப்பு பதிவானால் பிழைப்பே போகும் என்பது வேறு விஷயம்.

இனி 0.15. ஓட்டுவதற்குச் சட்டம் குறித்த எல்லை 0.08. அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கில் இன்னொரு கோடு. இந்தக் கோடு இரண்டு இடங்களில் வருகிறது, இரண்டிலும் சொற்கள் வேறு. தண்டனைச் சட்டத்தில், சோதனை செய்த நேரத்தில் 0.15 இருந்தால் குற்றம் ‘பி’ வகுப்பிலிருந்து ‘ஏ’ வகுப்புக்கு உயர்கிறது. 180 நாளாக இருந்த அதிகபட்சச் சிறை ஓராண்டாகிறது. டிஃபர்டு பிரிவிலோ, குற்றம் நடந்த நேரத்தில் அளவு என்னவாக இருந்தது என்பதுதான் கேள்வி. ஒருவரை இரவு 11 மணிக்கு நிறுத்துகிறார்கள். இரத்தம் எடுப்பது 12.30 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். கடைசிக் கோப்பை குடித்துக் கொஞ்ச நேரமே ஆகியிருந்தால், அந்த ஒன்றரை மணி நேரத்தில் அளவு ஏறிக்கொண்டிருந்திருக்கலாம். ஆய்வகத் தாள் 0.16 என்று சொல்லலாம். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தபோது 0.13 ஆக இருந்திருக்கலாம். தகுதியை முடிவு செய்வது ஆய்வகத் தாளா, அந்த 11 மணியா? சட்டத்தின் சொற்களைப் பார்த்தால் 11 மணி. ஆனால் அதை எடுத்துச் சொல்லி வாதாட ஒரு வக்கீலும், பல நேரங்களில் ஒரு நிபுணரும் வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும். எண்ணால் போட்ட கோடு எல்லோருக்கும் ஒன்றுபோலத் தெரிகிறது. அதைத் தாண்டுவதற்கான செலவு ஒன்றுபோல இல்லை.

புத்தகத்தில் எழுதாத வரம்பு

பட்டியலில் தன் குற்றம் இல்லை என்று உறுதி செய்துகொண்டவர், பாதித் தூரம்தான் வந்திருக்கிறார்.

டிஃபர்டை நீதிபதி மட்டுமே கொடுக்க முடியும். ஜூரிக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆகவே ஜூரி விசாரணை வேண்டாம் என்று குற்றம் சாட்டப்பட்டவர் விட்டுக்கொடுத்தால்தான் டிஃபர்டுக்கு வழி. அப்படி விட்டுக்கொடுப்பதற்கு டெக்சஸில் அரசு வழக்கறிஞரின் சம்மதம் தேவை. அவர் சம்மதிக்காவிட்டால் வழக்கு ஜூரியின் முன்னால் போகும்; டிஃபர்டு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும். சட்டப் புத்தகம் ‘நீதிபதியின் கருத்தில் சமூகத்துக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நன்மை என்றால்’ என்று அழகாக எழுதியிருக்கிறது. நடைமுறையில் அந்த நன்மையை முதலில் அளந்து பார்ப்பது அரசு வழக்கறிஞர் அலுவலகம். இந்தக் கவுண்டியில் கிடைப்பது பக்கத்துக் கவுண்டியில் கிடைக்காது என்று ஆட்கள் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். மாவட்ட அரசு வழக்கறிஞர் அங்கே தேர்தலில் நின்று வருகிறவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேரம் முடிந்து ஒப்பந்தத் தாள்கள் வந்ததும் பத்திபத்தியாக ஒவ்வொன்றின் எதிரிலும் முதலெழுத்துப் போட்டுக்கொண்டே போகவேண்டும். ஜூரி உரிமையை விடுகிறேன். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை விடுகிறேன். எனக்கு எதிராக நானே பேசாமலிருக்கும் உரிமையை விடுகிறேன். தாளைத் திருப்பும் வேகத்தில் கையெழுத்து கோணிப்போகும். நடுவில் ஒரு பத்தி வரும்: நீங்கள் அமெரிக்கக் குடிமகன் இல்லையென்றால், இந்த ஒப்புதலின் விளைவாக நாடுகடத்தப்படலாம், மீண்டும் நாட்டுக்குள் வர அனுமதி மறுக்கப்படலாம், குடியுரிமை மறுக்கப்படலாம். அதற்கும் முதலெழுத்துதான். மற்றப் பத்திகளின் அதே எழுத்தளவு, அதே இடைவெளி.

ஒன்பதாம் ஆண்டு

டிஃபர்டின் விலை என்ன என்பது மீறினால்தான் தெரியும்.

வழக்கமான கண்காணிப்பில் தண்டனை முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும்: 5 ஆண்டுச் சிறை, அதை நிறுத்திவைத்திருக்கிறோம், தவறினால் அந்த 5 ஆண்டைத் தாண்டிப் போகமுடியாது. டிஃபர்டில் தண்டனை என்று ஒன்று முடிவாகவே இல்லை. ஆகவே மீறல் நிரூபணமானால் நீதிபதி அன்று குற்றத்தீர்ப்பு கொடுத்து, அந்தக் குற்றத்துக்கான முழு வரம்புக்குள் எதை வேண்டுமானாலும் விதிக்கலாம். இரண்டாம்நிலைப் பெருங்குற்றம் என்றால் 2 முதல் 20 ஆண்டு. ஒருவர் 10 ஆண்டு டிஃபர்டில் எட்டரை ஆண்டுகளை ஒழுங்காகக் கழித்துவிட்டு, ஒன்பதாம் ஆண்டில் சிறுநீர்ச் சோதனையில் தோற்கிறார். வெளியே கண்காணிப்பில் இருந்த எட்டரை ஆண்டும் தண்டனையில் கழிக்கப்படுவதில்லை. அதற்கு மேல் 20 ஆண்டு வரை கிடைக்கலாம். மீறலை நிரூபிக்க ஜூரி இல்லை. ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டியதும் இல்லை, நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்ற அளவு போதும். முதலில் கொடுத்த ஒப்புதலில் கோளாறு இருந்தது என்று அப்போது மேல்முறையீடு செய்யலாமா என்றால், அந்தக் காலம் டிஃபர்டு கொடுத்தபோதே முடிந்துவிட்டது என்று மாநிலத்தின் உயர் குற்றவியல் நீதிமன்றம் 1999-இலேயே சொல்லிவிட்டது.

மேலே சொன்ன துப்பாக்கிக் கொள்ளை வழக்கை மறுபடி எடுத்துப் பாருங்கள். டிஃபர்டு உடைந்தால் அந்தக் குற்றத்துக்கு நீதிபதி சிறையைத் தவிர வேறு எதுவும் கொடுக்க முடியாது. குறைந்தது 5 ஆண்டு. ஜூரியாவது இரக்கப்பட்டுக் கண்காணிப்பைப் பரிந்துரைத்திருக்கலாம் என்று நினைத்தால், அந்த ஜூரியைத்தான் முதல் நாளே முதலெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. வாசலில் இவரைத் தாராளமாக உள்ளே விட்ட சட்டம், பின்வாசலில் வேறு முகத்தோடு நிற்கிறது.

காலத்தை நல்லபடியாகக் கடந்தவருக்கும் பதிவு அழிந்துவிடுவதில்லை. கைதும் ஒப்புதலும் ஆவணத்தில் இருக்கும். வேலைக்கு எடுப்பவர் தேடினால் தெரியும். அதை மறைக்க ‘வெளியிடாமை ஆணை’ என்று பெரும்பாலும் தனியே கேட்கவேண்டும். பெருங்குற்றத்துக்கு வழக்கு முடிந்து 5 ஆண்டு காத்திருக்கவேண்டும், முதல்முறை மதுபோதை வழக்குக்கு 2 ஆண்டு. சில குற்றங்களுக்கு எத்தனை ஆண்டு காத்தாலும் கிடைக்காது; குடும்ப வன்முறை என்று நீதிபதி குறிப்பு எழுதிய வழக்குகள் அவற்றில் ஒன்று. கணவன் மனைவி சண்டையில் போலீஸ் வந்து, சிறுகுற்றமாக டிஃபர்டில் முடிந்த வழக்கு ஆயுளுக்கும் திறந்த புத்தகமாக இருக்கும். அதே போன்ற புகார் இன்னொருமுறை வந்தால், பழைய டிஃபர்டை முந்தைய குற்றத்தீர்ப்பாகவே கணக்கிட்டு, புதியதைப் பெருங்குற்றமாக உயர்த்தவும் சட்டம் இடம் தருகிறது. டிஃபர்டு குற்றத்தீர்ப்பல்ல என்று சொல்லும் அதே மாநிலச் சட்டம்தான் இதையும் சொல்கிறது.

வேறொரு கவுண்டர்

இதுவரை சொன்னது எல்லாம் டெக்சஸ் மாநிலத்தின் கணக்கு. குடியுரிமை இல்லாதவருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. அது மத்திய அரசின் கையில். எச்1பி விசாவில் இருப்பவர், மாணவர், கிரீன் கார்டு வைத்திருப்பவர் எல்லோருக்கும் இது பொருந்தும். இந்த மாநிலத்தில் தமிழர்கள் கணிசமாக வாழ்வதால், தமிழில் இதை எழுதுவதற்குக் காரணமே இந்தப் பகுதிதான்.

1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் குடிவரவுச் சட்டத்தில் குற்றத்தீர்ப்பு என்பதற்குத் தனி விளக்கம் எழுதியது. தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டிருந்தாலும் இரண்டு விஷயங்கள் இருந்தால் போதும். ஒன்று, குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கவேண்டும், அல்லது ‘மறுக்கவில்லை’ என்று சொல்லியிருக்கவேண்டும். இன்னொன்று, நீதிபதி ஏதோ ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருக்கவேண்டும். டிஃபர்டின் உடலமைப்பே இந்த இரண்டும்தான். மாநிலங்கள் பெயரை மாற்றித் தப்பிக்கவிடக் கூடாது என்பதற்காகவே அந்த விளக்கம் எழுதப்பட்டது. டெக்சஸ் டிஃபர்டு குடிவரவு நோக்கில் குற்றத்தீர்ப்புதான் என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 1998-இலும், மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999-இலும் தெளிவாகச் சொல்லிவிட்டன. வழக்கு பிறகு தள்ளுபடியானாலும் நிலை மாறாது.

இதனால் தகுதி வரம்பு தலைகீழாகிறது. மாநிலச் சட்டத்தில் பெரிதாகத் தெரியாத கோடுகள் இங்கே உயிர்க்கோடுகள் ஆகின்றன. ஒரு கடையில் 700 டாலர் பொருளைப் பணம் கொடுக்காமல் எடுத்துப்போனால் அது ‘பி’ வகுப்புச் சிறுகுற்றம். 750 டாலரைத் தொட்டால் ‘ஏ’ வகுப்பு. டிஃபர்டு இரண்டுக்கும் கிடைக்கும். உள்ளூர் வக்கீல் பார்வையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் திருட்டு பொதுவாக ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகையில் வைக்கப்படுகிறது. நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட 5 ஆண்டுக்குள் செய்த அத்தகைய ஒரு குற்றத்துக்கு ஓராண்டுச் சிறை விதிக்க முடியும் என்றிருந்தாலே நாடுகடத்த வழி உண்டு. உண்மையில் விதித்தார்களா என்பது பொருட்டல்ல. ‘ஏ’ வகுப்பின் உச்சம் சரியாக ஓராண்டு. ‘பி’ வகுப்பின் உச்சம் 180 நாள். ஐம்பது டாலர் இடைவெளியில் ஒருவரின் அமெரிக்க வாழ்க்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுகிறது.

போதைப்பொருள் இன்னும் மோசம். கஞ்சாச் செடியின் இலையைக் கொஞ்சம் வைத்திருப்பது டெக்சஸில் சிறுகுற்றம். அதிலிருந்து பிரித்த எண்ணெயை நிரப்பிய வேப் குழல் ஒன்று பையில் இருந்தால், ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் பெருங்குற்றம். பல்கலைக்கழக மாணவர்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கைதான இரவில்தான் தெரிந்துகொள்கிறார்கள். டிஃபர்டு கிடைக்கும் என்றதும் பெற்றோர் வரை நிம்மதி பரவுகிறது. மத்தியச் சட்டத்தில், சொந்தப் பயன்பாட்டுக்காக 30 கிராமுக்கு உட்பட்ட கஞ்சாவை ஒரே ஒருமுறை வைத்திருந்ததற்கு நாடுகடத்தலிலிருந்து விலக்கு இருக்கிறது. மற்றப் போதைப்பொருளுக்கு அந்த விலக்கு இல்லை. நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வர முயலும்போது விதிகள் இன்னும் இறுகும்.

குடியுரிமை இல்லாத கட்சிக்காரருக்கு இந்த ஆபத்தைச் சொல்லவேண்டியது வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் பதில்லா வழக்கில் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டு கழித்து, அதற்கு முன்பே முடிந்துபோன வழக்குகளுக்கு அது பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது. ஆகவே 2010-க்கு முன்பு, ‘இது குற்றத்தீர்ப்பே இல்லை, பயப்படாதீர்கள்’ என்ற அறிவுரையை நம்பிக் கையெழுத்திட்டவர்களுக்கு இந்த வழி கிடையாது.

இதைச் சரிசெய்ய முடியாதா என்றால், கலிஃபோர்னியா செய்து பார்த்திருக்கிறது. அங்கே முதல்முறை போதைப்பொருள் வழக்குகளுக்கு 1997 முதல் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகே வாய்ப்பு என்ற முறை இருந்தது. இந்த ஒப்புதல் யாருக்கும் தீங்காகாது என்று சட்டத்தில் தாங்கள் எழுதிவைத்திருந்த உறுதி, குடியுரிமை இல்லாதவர்கள் விஷயத்தில் தவறான தகவல் என்று சட்டமன்றமே பின்னர் சட்டத்தில் எழுதி, பழைய ஒப்புதல்களைத் திரும்பப்பெற வழி செய்தது. ஒரு சட்டமன்றம் தன் சட்டமே மக்களைத் தவறாக வழிநடத்தியது என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது அடிக்கடி நடப்பதல்ல. 2018 ஜனவரி முதல் ஒப்புதலையே நீக்கிவிட்டார்கள்: குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டு வகுப்புகளுக்குப் போகலாம், முடித்தால் வழக்கு போய்விடும். அதற்கும் தகுதி வரம்புகள் உண்டு. கடந்த 5 ஆண்டில் பெருங்குற்றத் தீர்ப்பு இருக்கக் கூடாது, வழக்கில் வன்முறை இருக்கக் கூடாது. அங்கே வரம்பு ஆளைப் பார்க்கிறது, இங்கே குற்றத்தின் பெயரைப் பார்க்கிறது என்ற வேறுபாட்டைக் கவனிக்கலாம்.

டெக்சஸிலும் ஒப்புதல் இல்லாத ஒரு வழி இருக்கிறது. விசாரணைக்கு முந்தைய விலக்கு ஒப்பந்தம் என்று அதைச் சொல்லலாம். அரசு வழக்கறிஞர் அலுவலகத்தோடு நேரடியாகச் செய்துகொள்வது. நீதிபதியின் முன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு கவுண்டியும் தானே எழுதிக்கொள்கிறது. சில இடங்களில் உள்ளே சேர எழுத்துமூல வாக்குமூலம் கேட்கிறார்கள். குடியுரிமை இல்லாதவர் கையெழுத்திடும் முன் குடிவரவு வக்கீலிடம் காட்டவேண்டிய தாள் அது. இந்த ஒப்பந்தமும் டிஃபர்டும் ஒன்றுதான் என்று நினைத்து, முதலில் நீட்டப்பட்ட டிஃபர்டு தாளில் கையெழுத்திட்டவர்கள் நிறையப் பேர்.

மதுபோதை வழக்கில் மாட்டிய எச்1பி பொறியாளர் ஒருவரை வைத்துக்கொள்வோம். சாதாரண மதுபோதை ஓட்டம் ஒன்றே நாடுகடத்தும் காரணமாவது அரிது. ஆனால் கைதானாலே, வழக்கு முடியும் முன்பே விசாவை ரத்து செய்யும் நடைமுறை 2015 முதல் அமெரிக்க வெளியுறவுத் துறையில் இருக்கிறது. அவருக்கு 0.12 அளவு, டிஃபர்டு கிடைத்தது, காரில் கருவி பொருத்தி, எல்லா வகுப்புக்கும் போய், வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிறார். திரும்பிப் போகப் புது விசா முத்திரை வேண்டும். சென்னையில் அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில் நேர்காணல். அதற்கு முன் நிரப்பும் இணையப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: மன்னிப்போ பொதுமன்னிப்போ பெற்றிருந்தாலும், நீங்கள் எப்போதாவது எந்தக் குற்றத்துக்காகவாவது கைது செய்யப்பட்டதோ தண்டிக்கப்பட்டதோ உண்டா? அவர் ‘ஆம்’ என்பதைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். கையில் நீதிமன்றம் சான்றளித்த நகலை எடுத்துப் போகிறார். அதில் கடைசி வரி, வழக்கு தள்ளுபடி என்கிறது. நடுவில் ஒரு வரி, தீர்ப்பு ஒத்திவைப்பு என்கிறது. அதற்கு மேலே, ‘ஒப்புதல்’ என்ற கட்டத்துக்கு எதிரில், ‘குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்று இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரியின் விரல் அந்த வரியில் போய் நிற்கிறது.